ஓவன் கதவு பூட்டிக்கொண்டால்: பழுதுபார்ப்பதா, பூட்டைக் கைவிடுவதா, புதிது வாங்குவதா?

சென்ற ஒரு மாதத்தில் மூன்று வீடுகளிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வி வந்துவிட்டது. லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: ஓவன் தன்னைச் சுத்தம் செய்து முடித்துவிட்டது, ஆனால் இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இளம் தம்பதி: அவர்களுக்கு நேர் எதிர், கதவு பூட்டிக்கொள்ளவே மறுக்கிறது, திரையில் பிழை எண் மினுக்குகிறது. மூன்றாவது ஆள் குருசுக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா மகள். அவள் புகுந்த வீடு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பம். பிரான்சிலிருந்து கொழுந்தனார் வீட்டைக் காலி செய்தபோது சாமானோடு சாமானாகக் கப்பலேறி வந்த ஓவன் அது. இப்போது பூட்டு மோட்டார் முனகிக்கொண்டே இருக்கிறது, நிற்பதில்லை.

"அக்கா, சரி செய்வதா, தூக்கிப் போடுவதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றாள். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடுகிறேன். நம் வீடுகளில் அதிகம் இருக்கும், மேசைமேல் வைக்கிற சின்ன ஓவனான ஓ.டி.ஜி.யில் மின்பூட்டு கிடையாது. கதவை இழுத்துப் பிடிப்பது வெறும் ஸ்பிரிங்தான். இந்தத் தொல்லை அலமாரிக்குள் பதிக்கும் பெரிய ஓவன்களுடையது, அதிலும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ரகத்தினுடையது. அந்தச் சுத்தத்தின்போது உள்ளே 470 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். ஒட்டியிருக்கும் நெய்யும் சர்க்கரைப் பாகும் எரிந்து ஒரு கைப்பிடிச் சாம்பலாக உதிரும். அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் கை வெந்துபோவதோடு முடியாது. வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததும் கொழுப்புப் புகை தீப்பிடிக்கக்கூடும். அதற்காகத்தான் பூட்டு. பெரும்பாலான மாடல்களில் சூடு ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அது விடாது. சிலவற்றில் இன்னும் குளிர வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பாதுகாப்பு முதலாவது. அதில் பேரமே கிடையாது.

இரண்டாவது, மொத்தச் செலவு. பில்லில் இருக்கும் தொகையை மட்டும் சொல்லவில்லை. வந்து பார்ப்பதற்கான கட்டணம், ஓவனை இழுத்தபோது கீறிப்போன அலமாரி, வராத உதிரிபாகத்துக்காகக் காத்திருந்த வாரங்களில் கடையில் வாங்கிய கேக், எல்லாம் சேர்ந்தது. மூன்றாவது, மறுபடி வருமா என்பது. முத்தியால்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ இருக்கிறவர்களுக்கு இதுவே பாதிக் கேள்வி. உப்புக்காற்று ஒருமுறை புகுந்த இடத்தில் மறுமுறையும் புகும்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: சுத்தம் செய்யும் வசதி உங்களுக்கு உண்மையில் வேண்டுமா? வருடத்தில் எத்தனை முறை அந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்? என் கணக்கு நான்கு வருடத்தில் ஐந்து முறை. அந்த ஐந்து முறைக்காகத்தான் இந்தப் பூட்டு, இந்த மோட்டார், இந்தத் தலைவலி எல்லாம். வெறுமனே கேக் வேகும்போது பூட்டுக்கு வேலையே இல்லை.

## முதலில், இது பழுதுதானா?

பழுதில்லாத ஓவனுக்குப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். திரையில் சாவிப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். அது பல ஓவன்களில் குழந்தைகளுக்கான பூட்டு. சில மாடல்களில் பொத்தான்களோடு கதவையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேரன் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பான்; அதே பொத்தானை மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்தினால் விட்டுவிடும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும்.

சுத்தம் செய்யும்போது கரண்ட் போயிருந்தால், அது திரும்பி வரும்வரை பூட்டு திறக்காது. திறக்கவும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் இதற்கு உதவாது. பெரிய ஓவனின் லைன் தனி, இன்வெர்ட்டரோடு அது சேர்ந்திருப்பதில்லை.

இரண்டுமில்லையென்றால் சுவிட்ச் பெட்டியில் ஓவனுக்குரிய எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஏற்றுங்கள். உடனே கதவருகே காதை வையுங்கள். பல ஓவன்கள் உயிர்பெற்றதும் முதல் வேலையாகப் பூட்டைத் திறந்த நிலைக்குக் கொண்டுபோகப் பார்க்கும். அந்தச் சத்தம் நிறையச் சொல்லும்.

சத்தமே இல்லை என்றால் மோட்டார் எரிந்திருக்கலாம், ஓவனை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டிலிருந்து மின்சாரம் வராமல் இருக்கலாம், அல்லது ஓவன் இன்னும் சூடாக இருப்பதாக சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். முனகல் ஓயாமல் தொடர்ந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்ல வேண்டிய சுவிட்ச்தான் ஊமையாகிவிட்டது. போர்டுக்குச் செய்தி வராததால் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் சுற்றி, இடித்து, நின்றால் கொக்கி வளைந்திருக்கும் அல்லது கதவு தொங்கியிருக்கும்.

கதவு தொங்குவதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மூடிய கதவின் மேல்விளிம்புக்கும் கண்ட்ரோல் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி இடமும் வலமும் ஒரே அளவா? ஒரு பக்கம் பென்சில் நுழைகிறது, மறுபக்கம் நுழையவில்லை என்றால், குற்றவாளி பூட்டு அல்ல, கீல். கொக்கி தன் துளையைத் தேடிக் கிடைக்காமல் முட்டிக்கொள்கிறது. திறந்த கதவின்மேல் கனமான தட்டை வைத்துக் கேக்கைத் திருப்புகிற வழக்கம் உள்ள வீடுகளில் இது சகஜம்.

## வழி 1: காத்திருந்து, நாமே பார்ப்பது

செலவு இல்லை. ஆபத்து உண்டு, அது நம் கையில் இருக்கிறது. பண்டிகைக்கு முந்தின நாள் கதவு திறக்கவில்லை என்றால் மனிதர்கள் செய்வதை நானும் செய்தேன்: கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான். கொக்கி ஓரிரு மில்லிமீட்டர் வளைந்தால் போதும், அதுவரை சுவிட்சில் மட்டும் இருந்த கோளாறு பூட்டு முழுவதற்கும் பரவிவிடும். இடுக்கில் கத்தியை விட்டு நெம்புவது இன்னும் மோசம். உள்ளே மூன்று நான்கு அடுக்குக் கண்ணாடி. பதப்படுத்திய கண்ணாடியின் விளிம்பில் ஒரு தட்டுப் பட்டால் முழுவதும் பொலபொலவென உதிரும்.

நாமே செய்யக்கூடியவை சில. எம்.சி.பி.யை இறக்கி ஏற்றுவது. ராத்திரி முழுவதும் ஆறவிடுவது. கதவு திறந்துகொண்டால், கொக்கி நுழையும் துளையையும் கதவு மூடியதைச் சொல்லும் சின்னக் குமிழையும் ஈரத்துணியால் துடைப்பது. அந்தக் குமிழில் பாகு ஒட்டிக்கொண்டிருந்தால், கதவு மூடியிருப்பதே ஓவனுக்குத் தெரியாது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் மெயினை அணைத்துவிட்டு இன்னும் ஒரு படி போகலாம், ஆனால் அதற்கு ஓவனை வெளியே எடுக்க வேண்டும். 35 கிலோ, தனியாகத் தொடாதீர்கள்.

பூட்டில் இதுவரை ஒருமுறையும் தகராறு வராத, ஐந்து வயதுக்குட்பட்ட ஓவனுக்கு இந்த வழிதான் முதல் நாள் வழி. இரண்டாம் நாளும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டாம்.

## வழி 2: உள்ளூர் மெக்கானிக்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. மறுநாள் சமையலறைச் சுவரைத் தொட்டால் கையில் ஈரம் வந்தது. அது முடிந்து மூன்று வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கு முன் ஓவனைப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினேன். நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது. நான்கு மணி நேரம் கழித்து வந்தபோது திரை விழித்தது, கதவு விழிக்கவில்லை. ரம்மில் ஊறிய முந்திரியும் திராட்சையும் ஜாடியில், புதுச்சேரியின் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கத்துக்கு வறுத்த ரவை பாத்திரத்தில், ஓவன் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றது. பெரிய சமையலுக்கு முந்தின வாரம் இந்தச் சுத்தத்தை ஓட்டவே கூடாது என்பதை அன்றுதான் கற்றேன். அந்த 500 டிகிரி, பூட்டையும் சூடு மிஞ்சினால் அறுந்துகொள்ளும் காப்பு ஃபியூஸையும் சோதித்துப் பார்க்கிற சூடு. வீக்கான பாகம் எதுவோ அது அன்றைக்குத்தான் போகும்.

வந்த மெக்கானிக் வாஷிங் மெஷின்காரர். ஓவனை என் கணவரோடு சேர்ந்து மெத்தை விரிப்பின்மேல் இழுத்தார். மேல்தகட்டைக் கழற்றினால் பூட்டு இவ்வளவுதான்: சோப்பு டப்பா அளவில் ஒரு தகட்டுக் கூடு, அதில் தீப்பெட்டி உயரத்தில் ஒரு மோட்டார், மேடுபள்ளமான ஒரு வட்டு, வட்டின் மேட்டில் ஏறி இறங்கும் இரண்டு சின்ன சுவிட்சுகள். ஒன்று 'பூட்டியாயிற்று' என்று போர்டுக்குச் சொல்லும், மற்றது 'திறந்தாயிற்று' என்று சொல்லும். இரண்டாவது சுவிட்சின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"கடற்கரை வீடுகளில் இதே வியாதிதான் அம்மா" என்று சொல்லிக்கொண்டே, உப்புத்தாளில் நகத்தளவு கிழித்து முனையைத் தேய்த்தார். காண்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சல். விரலால் சுவிட்சை அழுத்தினார். 'டிக்'. அந்தச் சத்தத்துக்கு 600 ரூபாய் கொடுத்தேன், மனமாரக் கொடுத்தேன்.

ஆனால் அது 14 மாதம்தான் தாங்கியது. இங்கேதான் மறைந்த செலவு. சுவிட்ச் முனையைத் தேய்ப்பது குணமாகாது, தள்ளிப்போடுவது. சுவிட்சையே மாற்றச் சொல்லலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சுவிட்சின் பக்கவாட்டில் ஆம்பியர், வோல்ட்டோடு தாங்கும் வெப்பமும் அச்சிட்டிருக்கும். சாதாரணமாகக் கடையில் எடுத்துக் கொடுப்பது 85 டிகிரி ரகம். ஓவனுக்கு 150 டிகிரி ரகம் வேண்டும். எண்ணைப் பார்க்காமல் மாட்டினால் அடுத்த சுத்தத்தில் அதன் பிளாஸ்டிக் இளகிவிடும்.

நல்ல மெக்கானிக்கை எப்படி அறிவது? சென்சாரையும் அளந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பல ஐரோப்பிய ஓவன்களில் இருப்பது 0 டிகிரியில் 1,000 ஓம் காட்டும் பிளாட்டினம் சென்சார். நம் ஊர் 30 டிகிரியில் அது 1,115 ஓம் அருகே காட்ட வேண்டும். 500 ஓம் ரகமானால் அதில் பாதி. மீட்டரில் 2,200 ஓம் வந்தால், ஆறிக் கிடக்கும் ஓவன் 320 டிகிரிக்கு மேல் கொதிப்பதாக போர்டு நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூட்டு தன் கடமையைச் செய்கிறது, அவ்வளவுதான். பூட்டை மாற்றிவிட்டுப் போகிறவர் இந்த இடத்தில்தான் உங்கள் பணத்தை வீணாக்குவார்.

வாரன்டி முடிந்த, எட்டு வயதுக்குட்பட்ட ஓவனுக்கு, சத்தம் 'முனகல்' ரகமாக இருந்தால், இதுதான் சரியான வழி.

## வழி 3: கம்பெனி சர்வீஸ், புதிய பூட்டு

வாரன்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வேறு யார் கையும் படுவதற்கு முன் கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஒரு திருகைத் திறந்த தடம் இருந்தாலும் சிலர் வாரன்டியை மறுக்கப் பார்ப்பார்கள்.

வாரன்டி முடிந்திருந்தால் கணக்கு மாறும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கெட்டது நூறு ரூபாய் சுவிட்சாக இருக்கும். கம்பெனியில் சுவிட்ச் மட்டும் தனியாகத் தர மாட்டார்கள். மோட்டார், வட்டு, கொக்கி எல்லாம் சேர்ந்த முழுப் பூட்டுதான். நான் விசாரித்தபோது மாடலைப் பொறுத்து 4,000 முதல் 9,000 ரூபாய் வரை சொன்னார்கள். வருகைக் கட்டணம், வேலைக்கூலி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பூட்டு மாற்றிய பிறகும் பிழை எண் போகாவிட்டால், "போர்டும் போய்விட்டது" என்ற அடுத்த வாக்கியம் வரும். அதன் விலை பூட்டைப் போல இரண்டு மடங்கு. ஆகவே முதலிலேயே கேளுங்கள்: பூட்டு மாற்றியும் சரியாகாவிட்டால் அந்தப் பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே 25 கிலோமீட்டருக்கும் குறைவுதான்; ஆனால் இடையில் எல்லை. புதுச்சேரி மையம் "அது தமிழ்நாடு" என்கும், தமிழ்நாட்டு மையம் "பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறதே" என்கும். கடைசியில் யார் வந்தாலும் தூரக் கட்டணம் உங்கள் தலையில். புகார் பதியும்போதே எந்த மையம் வரும், தூரக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் சில நிறுவனங்களின் உதிரிபாக, சர்வீஸ் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அழைப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கலாம்.

காத்திருப்பைப் பற்றி: பாகம் சென்னையில் இருந்தால் ஒரு வாரம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் நாள் சொல்ல மாட்டார்கள்.

## வழி 4: பூட்டைத் திறந்த நிலையில் நிறுத்திவிடுவது

இரண்டாம் முறை பூட்டு மக்கர் செய்தபோது நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். யாரும் விளம்பரப்படுத்தாத வழி. கம்பெனிக்கும் இதில் லாபமில்லை.

மெயினை அணைத்து, வட்டைக் கையால் திருப்பிக் கொக்கியைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்து, மோட்டாருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றி, முனையைக் காப்பிட்டுக் கட்டிவிடுவது. 'திறந்தாயிற்று' சுவிட்ச் தன் இடத்தில் அழுந்தியபடி இருக்கும். போர்டு நிம்மதியாக இருக்கும். கேக் வேகும், பிஸ்கட் வேகும், கிரில் வேலை செய்யும். யாராவது மறந்துபோய்ச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினால், 'பூட்டியாயிற்று' என்ற செய்தி வராததால் போர்டு சூட்டை ஏற்றாது. கொஞ்ச நேரம் காத்திருந்து பிழை எண் காட்டிவிடும். இந்த ஒரு தடைதான் இந்த வழியைப் பாதுகாப்பானதாக்குகிறது.

ஆகவே இந்தத் தடையில் கைவைக்கக் கூடாது. மெக்கானிக்குகள் மொழியில் 'டைரக்ட்' கொடுப்பது என்ற ஒன்று உண்டு: சுவிட்சைத் தாண்டி இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடுவது. 'பூட்டியாயிற்று' சுவிட்சை டைரக்ட் செய்தால், கதவு பூட்டாமலேயே 500 டிகிரிக்கு ஏற போர்டு சம்மதித்துவிடும். அப்படி ஒருவர் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். எந்த வயர் எது என்று அவருக்குச் சந்தேகம் இருந்தாலும் இதே பதில்தான். வேலை முடிந்ததும் அவர் எதிரிலேயே சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சூடு ஏறாமல் பிழை காட்டினால்தான் கூலி. சூடு ஏறத் தொடங்கினால் உடனே அணைத்துவிட்டு, செய்ததைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கேதான். மைக்ரோவேவ் ஓவனுக்கு இந்த வழியே கிடையாது. அதன் கதவுச் சுவிட்சுகள் ஒவ்வொரு நொடியும் வேலை செய்பவை. கதவு திறந்ததும் கதிரை நிறுத்துவது அவைதான். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதில் 'டைரக்ட்' என்ற பேச்சே வேண்டாம்.

மறைந்த செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். சில ஓவன்களின் போர்டு, மோட்டாரைக் கழற்றினாலே கோபித்துக்கொண்டு கேக் வேகவும் விடாது. அவற்றுக்கு இந்த வழி இல்லை. வாரன்டி இருந்தால் அது போகும். விற்கும்போது விலை குறையும், வாங்குபவரிடம் சொல்லியும் ஆக வேண்டும். அப்புறம், துடைக்கும் வேலை உங்களுடையது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துச் சூட்டுக் கம்பிகளில் படாமல் பூசி, ராத்திரி விட்டு, காலையில் ஈரத்துணியால் எடுக்கிறேன். கம்பி நார் போடுவதில்லை. எனாமல் கீறினால் அடுத்த பாகு அங்கேதான் வேர்பிடிக்கும். மாதம் அரைமணி நேரம். பதிலுக்கு, ஒவ்வொரு சுத்தத்துக்கும் போன மூன்று முதல் ஆறு யூனிட் மின்சாரம் மிச்சம். அந்தப் புகைவாடையும் இல்லை. அந்தப் புகை கூண்டுப் பறவைகளுக்கு ஆகாது, பக்கத்து வீட்டு லவ் பேர்ட்ஸைப் பற்றி நான் ஒவ்வொரு முறையும் கவலைப்படுவேன்.

வாரம் ஐந்து நாள் கோழி வறுக்கிற வீடென்றால் வேண்டாம். கொழுப்புக் கறை அரைமணி நேரத்தில் போகாது. கேக்கும் ரொட்டியும்தான் என்றால், எட்டு வயது தாண்டிய ஓவனுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## வழி 5: புதிது

சுருக்கமாகவே சொல்கிறேன், கடைக்காரர்கள் மீதியைச் சொல்வார்கள். பூட்டோடு போர்டும் போய்விட்டது, வயது பத்தைத் தாண்டிவிட்டது, பாகம் இனி வராது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள் என்றால் புதிது. ஆனால் அதே ரகம்தான் வேண்டும் என்பதில்லை. சுத்தம் செய்யும் வசதியில்லாத பதிக்கும் ஓவன், வசதியுள்ளதைவிடப் பல ஆயிரம் குறைவு. அதில் இந்த மின்பூட்டுத் தொல்லையும் இருக்காது. மாதம் இரண்டு கேக் செய்பவருக்கு 40 லிட்டர் ஓ.டி.ஜி. போதும். மறைந்த செலவு அலமாரியில்: பழைய ஓவனின் குழி அளவும் புதியதின் அளவும் சென்டிமீட்டர் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால் தச்சருக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு (ரூபாய்) | மறைந்த செலவு | நாள் | மறுபடி வருமா |
|---|---|---|---|---|
| நாமே பார்ப்பது | இல்லை | இழுத்தால் கொக்கி, நெம்பினால் கண்ணாடி | 1 | காரணத்தைப் பொறுத்தது |
| உள்ளூர் மெக்கானிக் | 500 – 1,500 | தவறான சுவிட்ச், தவறான கணிப்பு | 1 – 3 | கடலோரத்தில் வரும் |
| கம்பெனியின் புதிய பூட்டு | 5,000 – 12,000 | தூரக் கட்டணம், போர்டு | 7-க்கு மேல் | சில வருடம் வராது |
| திறந்த நிலையில் நிறுத்துவது | 500 – 1,500 | துடைக்கும் வேலை, மறுவிற்பனை | 1 | வராது |
| புதிய ஓவன் | ஓ.டி.ஜி. 6,000 முதல்; பதிப்பது அதைப்போல் பல மடங்கு | தச்சு வேலை | 3 – 10 | பூட்டில்லாதது வாங்கினால் வராது |

விலைகள் நான் புதுச்சேரியில் விசாரித்து அறிந்தவை. உங்கள் மாடலுக்கு முன்பின் இருக்கும்.

## அந்த மூன்று வீடுகள்

லாஸ்பேட்டை ஆசிரியையின் ஓவனில் சத்தமே இல்லை. மெக்கானிக் மீட்டரை வைத்தபோது மோட்டார் சில ஆயிரம் ஓம் காட்டியது, அதாவது சுருள் அறுபடவில்லை. கெட்டது சென்சார். அதை மாற்றி மறுபடி மின்சாரம் கொடுத்ததும் பூட்டு தானே திறந்துகொண்டது. புதிய பூட்டுக்கு முன்பணம் கட்டத் தயாராக இருந்தவர் அவர்.

மஞ்சக்குப்பம் தம்பதிக்குப் பென்சில் சோதனையைச் சொன்னேன். வலப்பக்கம் நுழைந்தது, இடப்பக்கம் நுழையவில்லை. இன்னும் ஐந்து மாத வாரன்டி இருந்ததால் வேறு யாரையும் தொடவிடாமல் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். கீல் ஜோடி மாறியது. தூரக் கட்டணம் கேட்டார்கள். வாரன்டி அட்டையில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

தங்கையின் ஓவனைப் பார்க்கப் போனபோது பூட்டை விட்டுவிட்டு வேறொன்றில் என் கண் நின்றது. பிரெஞ்சு பிளக்கை அப்படியே ஒரு அடாப்டரில் சொருகியிருந்தார்கள். அந்த ஊரில் எர்த் முள் சாக்கெட்டிலிருந்து நீண்டு பிளக்கின் துளைக்குள் போகும். நம் சாக்கெட்டில் அந்த முள் இல்லை. வோல்ட்டும் ஹெர்ட்சும் இரண்டு நாட்டிலும் ஒன்றே, 230, 50. அதனால் ஓவன் ஓடியது, எர்த் இல்லாமலேயே இத்தனை நாளும் ஓடியது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு, எர்த்தோடு தனி லைன் கொடுத்த பிறகுதான் பூட்டுப் பக்கம் போனோம்.

முனகல் ரகம், சந்தேகமே இல்லை. சுவிட்சைத் தேய்த்ததும் நின்றது. இருந்தும் கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பதால், வட்டைத் திறந்த நிலையில் வைத்து மோட்டார் வயரைக் கழற்றிவிடலாம் என்றேன். அவள் மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. "பிரான்சிலிருந்து வந்த பொருள், எல்லாம் முழுசாக வேலை செய்ய வேண்டும்" என்றார். கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைத் தங்கை படம் எடுத்து அனுப்பினாள். முழுப் பூட்டு கைப்பெட்டியில் வைக்கும் அளவுதான். கொழுந்தனார் ஜூலையில் வரும்போது கொண்டுவருகிறாராம். அதுவரை மோட்டார் வயர் கழன்றே இருக்கிறது. சுத்தம் செய்யும் பொத்தான்மேல் மாமனார் தன் கையால் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்.